பன்னிரண்டு பேருக்கு ஒரு புத்தகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தைக் கொடுத்தது நான்தான். பாவம், தெரியாமல் கொடுத்துவிட்டாள், இயந்திரம் அவளை ஏமாற்றிவிட்டது என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வந்தால் அவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும், பேசாமல் இருக்கட்டும். முதல் தடவை தெரியாமல் கொடுத்தேன். இரண்டாம் தடவை தெரிந்தே கொடுத்தேன்.

என் பெயர் எஸ்தர். வயது நாற்பத்தொன்பது. ஓசூருக்கு வெளியே ஸ்கூட்டர் பேட்டரி செய்யும் கம்பெனி ஒன்றில் நூல் ஆலோசகர், அதாவது வேலையாட்களுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவள். அதற்கு முன் இருபது வருடம் ஒரு கிளை நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே புத்தகம் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். போன புத்தகத்தை எந்தப் பக்கத்தில் மூடினீர்கள்? ஆளைத் தெரிந்துகொள்ள அது போதும். கம்பெனிக்கு அந்தக் கேள்வியெல்லாம் தேவைப்படவில்லை. அவர்களுக்கு மார்க் இருந்தது.

மார்க் என்றால் தன்னம்பிக்கை மதிப்பெண். எங்கள் எல்லார் கையிலும் ஒரு கைப்பட்டை, கழுத்தில் ஒரு அட்டை. மேலதிகாரியோடு பேசும்போது அட்டை கேட்டுக்கொண்டே இருக்கும். குரல் தயங்குகிறதா, நடுவில் நிற்கிறதா, நடுங்குகிறதா என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று போடும். நாற்பதுக்குக் கீழே போனால் வாசிப்புப் பலகை என்ற சின்னத் திரையில் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் தருவார்கள். மூன்று மாதம் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே இருந்தால், "மனத்தளவில் இன்னும் தயாராகவில்லை" என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். என்ன ஒரு இதமான வார்த்தை பாருங்கள். எண்பதுக்கு மேல் வாங்கினால் தலைமைப் பண்பாளர். அவர்கள் படம் வருட அறிக்கையில் வரும், அவர்களை யாரும் சுலபத்தில் வெளியே அனுப்ப முடியாது.

என் மார்க் எப்போதும் நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. என் குரல் பிறவியிலேயே நடுங்கும். கோபம் வந்தால் இன்னும் நடுங்கும். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

பச்சையம்மா என் அறைக்கு வந்தது மாசித் திங்கள் முதல் வாரம். அரூர்ப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது, நாலாம் லைனில் பேட்டரி மூடிக்குப் பசை போடும் வேலை. இங்கே வந்த இரண்டு மாதமும் முப்பத்தாறு, முப்பத்துநாலு. இது மூன்றாவது மாதம். ஏன் குறைகிறது என்று பதிவைத் திறந்து பார்த்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து சூப்பர்வைசரிடம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடவில்லை, பசை காயும் அடுப்பைத் திறக்கும்போது தொண்டை எரிகிறது. அதைச் சொல்லும்போதே இருமல் வந்திருக்கிறது. இருமலை இயந்திரம் தயக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டது.

அவளுக்கு என்ன புத்தகம் தரலாம் என்று திரை மூன்று தலைப்புகளைக் காட்டியது. ஒன்று, குறை சொல்லாத நாற்பது நாட்கள். இன்னொன்று, புன்னகையே முதல் சம்பளம். மூன்றாவது, மூச்சை வெல், உலகை வெல். புகையில் மூச்சு முட்டுகிறவளுக்கு மூச்சுப் புத்தகம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திரையை அடித்து உடைத்திருப்பேன். உடைக்கவில்லை. மற்ற இரண்டுக்கும் இது தேவலை என்று மூன்றாவதை எடுத்து வைத்தேன். பிறகு பழக்கதோஷத்தில் என் பழைய கேள்வியைக் கேட்டேன்.

"போன புஸ்தகத்த எந்தப் பக்கத்துல மூடின?"

"மொதப் பக்கத்துலயேக்கா. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். முடிக்கறதுக்குள்ள அது அடுத்த பக்கத்த மாத்திடுது." வாசிப்புப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அதுவா எப்பிடிக்கா மாத்துது?"

"பலகையில தலைப்பு மட்டும்தான் நான் குடுக்கறது. உள்ள இருக்கறதெல்லாம் அதுவா எழுதிக்கறது. கையில பட்ட இருக்கில்ல? படிக்கும்போது உன் நாடி எப்பிடி அடிக்குதுன்னு பாக்கும். நீ வாய்விட்டுச் சொல்றதையும் கேக்கும். எந்த வார்த்தைக்கு உனக்குத் தெம்பு வருதோ, அந்த வழியிலயே அடுத்த பக்கத்த எழுதும். ஆளுக்கு ஒரு புஸ்தகம்."

"அப்போ ஃபேனப் பத்தி எழுதுமா?"

"எழுதாது. ஒத்த ஆளு நின்னு ஃபேன ஓட வெக்க முடியாதுன்னு அதுக்குத் தெரியும். தனியா உன்னால என்ன முடியுமோ அதத்தான் சொல்லும். மூச்ச இழுத்துப் பிடி, மனச மாத்திக்கோன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பிலேயே இருமல் வந்து ஒரு நிமிடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுதியில் படிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது இருந்தால் படித்துக் காட்டச் சொல்லு என்று சொல்லி அனுப்பினேன். பலகையின் பின்பக்கம் பொடி எழுத்தில் "தனிமையில் மட்டும் படிக்கவும்" என்று போட்டிருக்கும். அது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. இதுதான் நான் தெரியாமல் கொடுத்த கதை.

வெள்ளிக்கிழமை வாசிப்பு அறிக்கை வந்தது. சாதாரணமாக ஒரு பிள்ளை பத்து நாளில் முப்பது பக்கம் தாண்டினாலே பெரிய விஷயம். பச்சையம்மா நாலு நாளில் நூற்று நாற்பது பக்கம் படித்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வாசகர்: ஒன்று. நாடி: பன்னிரண்டு.

முதல் ஷிப்டு இரண்டு மணிக்கு முடியும். மூன்று மணிக்கு நான் பெண்கள் விடுதிக்குப் போனேன். முன்வராந்தாவில் நாலாம் லைன் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ரயில் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் முன்னால் இருப்பவளின் தலைமுடி. எண்ணெய், சீப்பு, பேன் பார்ப்பது, சடை போடுவது எல்லாம் நடக்கிறது. தினமும் குளித்துவிட்டு வந்ததும் இதுதான் அவர்கள் வழக்கமாம். வரிசையில் முதலில் இருப்பவளுக்குப் பின்னத் தலை கிடையாது, கை சும்மா இருக்கும். அந்த இடத்தில் தெய்வானை பலகையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். பென்னாகரத்துப் பெண், பன்னிரண்டாவது முடித்தவள், நல்ல கணீர்க் குரல்.

பலகைக்கு இது புரியவில்லை. பன்னிரண்டு கைப்பட்டைகள் ஒரு கை தூரத்தில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன, எல்லாம் ஒரே வார்த்தைக்குத் துடிக்கின்றன. இதைச் செய்த மெத்தப் படித்தவர்களுக்கு, ஒரு புத்தகத்தைப் பன்னிரண்டு பேர் தலை பின்னிக்கொண்டே படிப்பார்கள் என்று தோன்றியிருக்காது. பலகை பன்னிரண்டு பேரையும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

நான் அறைக்குத் திரும்பி அந்தப் பக்கங்களை முதலிலிருந்து படித்தேன். ஆரம்பத்தில் வழக்கமான பாட்டுதான். உன் மூச்சே உன் பலம், உள்ளே இழு, கவலையை வெளியே விடு. அந்த இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள், பதிவில் இருக்கிறது. பலகை வேறு வழி பார்த்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டது: இன்று உனக்கு மூச்சு முட்டியது எப்போது? பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகப் பத்தரை மணிக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அடுப்பைத் திறக்கிற நேரம் அது. பத்தாம் பக்கம் இப்படி வந்தது: பத்தரை மணிக்குப் பன்னிரண்டு பேருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மனம் பலவீனமாகுமா?

அந்த வரியில் பன்னிரண்டு நாடியும் எகிறின. பலகைக்கு வேறென்ன தெரியும்? தெம்பு வந்த வழியிலேயே போ என்றுதானே அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்? போயிற்று. எண்பதாம் பக்கத்துக்கு மேல் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி சொல்லத் தொடங்கட்டும். இருமல் வந்து நின்றால், நின்ற இடத்திலிருந்து பக்கத்தில் இருப்பவள் தொடரட்டும்.

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். நூல் வழிதவறினால் ஒரு நாளைக்குள் ஆலோசகர் எழுதித் தர வேண்டும், அதற்கென்று படிவம் இருக்கிறது. படிவத்தைத் திறந்து என் பெயரைக்கூடப் போட்டுவிட்டேன். பிறகுதான் ஆத்திரம் வந்தது. இருபது வருடம் நூலகத்திலும் ஆறு வருடம் இங்கேயும் தன்னம்பிக்கைப் புத்தகம் எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்? உன்னிடம்தான் குறை, உன்னைச் சரிசெய்துகொள் என்பதை அழகான அட்டை போட்டு எத்தனை பேர் கையில் திணித்திருப்பேன்? அதில் ஒன்று, ஒரே ஒன்று, தப்பித் தவறி உண்மையைச் சொல்லிவிட்டது. அதையும் நானே பிடித்துக் கொடுக்கவா?

படிவத்தை அழித்தேன். பச்சையம்மாவின் பெயருக்கு அதே புத்தகத்தை இன்னும் பத்து நாளைக்குக் கொடுத்து, குறிப்பில் இப்படி எழுதினேன்: எழுத்துக் கூட்டிப் படிக்கும் வாசகர். சத்தமாக, கூட்டமாகப் படிக்கவும். கீழே கையெழுத்தும் போட்டேன். இது தெரிந்தே கொடுத்த கதை.

அடுத்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு அடுப்பைத் திறந்தார்கள். நாலாம் லைனில் பன்னிரண்டு பேரும் எழுந்து, கையுறையைக் கழற்றி மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். பச்சையம்மா சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். இந்த எக்ஸாஸ்ட் ஃபேன் பதினோரு மாதமாக ஓடவில்லை என்று தொடங்கினாள். இருமல் வந்தது. ஓடும் வரைக்கும் என்று அடுத்தவள் எடுத்தாள். அவளுக்கும் இருமல் வந்தது. நாங்கள் வெளியே நிற்கிறோம் என்று தெய்வானை முடித்தாள். சொன்னபடி போய் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றார்கள். கத்தவில்லை, கோஷம் போடவில்லை. நின்று மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்.

மின்வேலைக்காரர்கள் இரண்டு பேர் ஏணியோடு ஓடினார்கள். ஃபேனின் பெல்ட் அறுந்திருந்ததாம். பதினோரு மாதம் மன பலவீனமாக இருந்த விஷயம் முப்பத்தைந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

அன்று மாலை மார்க் வந்தது. சேர்ந்து நின்ற பன்னிரண்டு பேரையும் இயந்திரம் ஒரே ஆளாகக் கணக்கு வைத்துக்கொண்டது. வாக்கியம் தடங்கல் இல்லாமல் முடிந்திருக்கிறது, இடைவெளியே இல்லை, நாடி சீராக இருக்கிறது. எல்லாருக்கும் எண்பத்தெட்டுக்கு மேல். பச்சையம்மாவுக்குத் தொண்ணூற்றொன்று. வாசல் திரையில் பன்னிரண்டு பேர் படமும் பச்சை நட்சத்திரத்தோடு வந்து, நமது புதிய தலைமைப் பண்பாளர்களுக்கு வாழ்த்துகள் என்று ஓடியது. நான் அதன் எதிரில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

திங்கட்கிழமை நிகிலன் கூப்பிட்டனுப்பினார். மனிதவளப் பிரிவின் தலைவர், முப்பத்தொரு வயது, மரியாதையான ஆள். அவருடைய மார்க் தொண்ணூற்றேழு, கம்பெனியிலேயே அதுதான் அதிகம். ஒரே சமயத்தில் மூன்று தன்னம்பிக்கைப் புத்தகம் படிக்கிறவர். விரல் நகம் பத்தும் ரத்தம் வருமளவு கடிபட்டிருக்கும்.

என் முன்னால் ஒரு தாளை வைத்தார். நூல் பழுதானது, அதனால் அந்தப் பன்னிரண்டு மதிப்பெண்களும் செல்லாது என்று அச்சடித்திருந்தது. அழித்துவிட்டால் பச்சையம்மாவுக்கு இந்த மாதமும் முப்பத்துமூன்று. மற்றவர்களும் அப்படித்தான், எல்லாரும் அவளோடு வேலைக்கு வந்து அதே புகையில் இருமியவர்கள். பன்னிரண்டு பேரும் மார்ச் கடைசியில் ஊருக்குப் போய்விடுவார்கள், ஃபேன் பெல்ட் அடுத்த தடவை அறும்போது கேட்க ஆள் இருக்காது. ஆனால் என் கையெழுத்து இல்லாமல் எதையும் அழிக்க முடியாது. புத்தகத்தால் ஏதாவது கெட்டது நடந்தால் பழி ஆலோசகர் தலையில் விழட்டும் என்று அவர்களே போட்ட விதி அது.

"கையெழுத்து போட்டா உங்களுக்கு ஒண்ணும் வராது மேடம். பழுது புத்தகத்துலதான்."

"அவங்க மார்க் பொய்யா சார்?"

"அது அவங்க நம்பிக்கை இல்ல மேடம். ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக்கிட்டதால வந்தது. தனியா நின்னா இருக்காது."

"தனியா நிக்கறப்போ உங்களுக்கு இருக்கா சார்?"

கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். என் குரல் அதற்குள் கிடுகிடுவென்று நடுங்கிவிட்டது. அட்டை சும்மா இருக்குமா? முப்பத்தொன்று போட்டது. அவர் அதைப் பார்த்து உண்மையிலேயே வருத்தப்பட்டார். நீங்களும் ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், அறையில் தனியாக உட்கார்ந்து படியுங்கள், புதன்கிழமை தாளைக் கொடுத்தால் போதும் என்றார்.

ஆலோசகருக்கு யார் ஆலோசனை சொல்வது? திரையே எனக்கு ஒன்று எடுத்து வைத்தது. விட்டுக்கொடுப்பதும் வீரமே. தலைப்பைப் பார்த்ததும் தூக்கிப் போடத்தான் நினைத்தேன். ஆனால் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் உங்களை எது உறுத்துகிறது என்று கேட்டது. அறையில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் வாய்விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு அது எழுதியது: இத்தனை வருடம் பிறருக்காகச் சுமந்தீர்கள். ஒரு கையெழுத்து, அதற்குப் பிறகு நிம்மதி. நடுங்கும் குரலோடு யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. உங்களை நீங்கள் மன்னியுங்கள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது வேலை செய்தது. நெஞ்சுப் படபடப்பு அடங்கிற்று. செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தத் தாளை மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்து திறந்து மூடினேன். எட்டாம் பக்கத்தில், நாடியைப் பார்த்துப் பலகை ஓரத்தில் காட்டும் என் மார்க் ஐம்பதைத் தாண்டிவிட்டது. கையெழுத்துப் போடத் தயாராகத் தயாராக என் தன்னம்பிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஒன்பதாம் பக்கத்தில் எனக்கு உறைத்தது. பலகையை மூடினேன். எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று என்னை யாராவது கேட்டால் இனி சொல்ல ஒரு பதில் இருக்கிறது.

புதன்கிழமை மூன்று மணிக்குப் பலகையையும் தாளையும் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். வரிசை உட்கார்ந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். யாரும் அழவில்லை, என்னைக் கெஞ்சவும் இல்லை. பச்சையம்மா தனக்கு முன்னால் இருந்தவளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, தரையைத் தட்டிக் காட்டினாள்.

"ஒக்காருக்கா. தலைய அவுரு."

என் தலையில் இருப்பது எலிவால் சடை, அதுவும் பாதி நரை. இதில் பின்ன என்ன இருக்கிறது என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். முன்னால் இருந்தவளின் முடியை என் கையில் கொடுத்தார்கள். தெய்வானை என் புத்தகத்தைத் திறந்து பத்தாம் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினாள். விட்டுக்கொடுங்கள், மன்னியுங்கள் என்று இரண்டு வரி வந்தது. பிள்ளைகள் அடித்தொண்டையில் சிரித்தார்கள். பலகை நின்றுவிட்டது. திரை வெறுமையாக இருந்தது. பிறகு எழுத்து வந்தது.

உங்களில் ஒருவரிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். பேசும்போது அவர் குரல் நடுங்குகிறது. அவர் நிறுத்தும் இடத்திலிருந்து தொடர யார் இருக்கிறார்கள்?

நாங்கள் இருக்கிறோம் என்று பன்னிரண்டு குரல் சொன்னது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எண்ணெய் பட்டுவிட்டது என்று பொய் சொன்னேன்.

பச்சையம்மா சீப்பில் சிக்கிய என் முடியை உருவிவிட்டு, சுற்றிப் போட ஒரு காகிதம் வேண்டும் என்றாள். கைக்கு அருகில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

நிகிலன் வந்தது அப்போதுதான். நாலு மணிக்குள் தாள் தலைமை அலுவலகம் போயாக வேண்டும், நான் அறையில் இல்லை, அதனால் வார்டனிடம் சொல்லிவிட்டு அவரே வராந்தாவுக்கு வந்துவிட்டார். வரிசையின் கடைசியில் இருந்தவளுக்குப் பின்னால் நின்று, மேடம், கையெழுத்து என்றார். எனக்குத் தலையைத் திருப்ப முடியவில்லை. சடை பச்சையம்மா கையில் இருந்தது. முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"போட மாட்டேன் தம்பி. அந்த மார்க்கு..."

குரல் உடைந்து நின்றுவிட்டது. எனக்குப் பின்னாலிருந்து பச்சையம்மா எடுத்தாள்.

"...எங்களோடது."

இருமல் இல்லாமல் சொன்னாள். பிறகு அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினாள். கை மாறிக் கை மாறி அது நிகிலனிடம் போயிற்று. அவர் பிரித்துப் பார்த்தார். நூல் பழுதானது என்ற அச்செழுத்தின் மேல் எண்ணெயும் என் நரைமுடியும் இருந்தன. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதை மறுபடி மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பலகையில் பக்கம் மாறியது. ஓரத்தில் நாடி பதினான்கு என்று காட்டியது. தெய்வானை ஒரு நொடி பார்த்துவிட்டு, வழக்கமான கணீர்க் குரலில் படித்தாள்.

"புதிதாக வந்தவரே, இன்று உங்களுக்கு மூச்சு முட்டியது எப்போது?"

யாரும் சிரிக்கவில்லை. சீப்புகள் நின்றன. பச்சையம்மா என் சடையை விட்டாள். நாங்கள் பதின்மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். நிகிலன் தன் கைப்பட்டையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. கடைசியில் இருந்தவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். தொண்ணூற்றேழு மார்க் வாங்கிய அந்தக் குரல் நடுங்கியது.